கொல்லிமலையில் ஒரு டப்பா

மனிதர்கள் மலை ஏறுவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. தெய்வ தரிசனத்துக்காக ஏறுகிறவர்கள் ஒரு வகை. காற்று மாறுதலுக்காக ஏறுகிறவர்கள் இன்னொரு வகை. மனைவியிடம் கோபித்துக்கொண்டு ஏறுகிறவர்களும் உண்டு என்று கேள்வி. ஆனால், ஒரு பழைய டிபன் டப்பாவைத் தேடிக்கொண்டு கொல்லிமலை ஏறியவன் தமிழ் நாட்டில் அடியேன் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

டப்பா என் வீட்டு டப்பாதான். அதை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தவனும் நானேதான். ஒளித்து வைத்தவனுக்கே அது அகப்படாமல் போயிற்று. அந்த விருத்தாந்தத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நான் நாமக்கல்லில் சரித்திரமும் பூகோளமும் கற்பிக்கும் உபாத்தியாயன். எம்.ஏ. பட்டம் பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொல்லிமலை எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண்ணெதிரே நீல நிறமாகத் தெரிந்துகொண்டே இருக்கும் மலை. கண்ணெதிரே இருப்பதாலேயே அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரவள்ளியிலிருந்து ஏறும் மோட்டார் ரஸ்தாவில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதையும், செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருப்பதையும், ஆகாய கங்கை ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுவதையும் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். பரீட்சைக்கு இவை போதுமானவை.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு என் தமக்கையின் மகன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தான். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவான்; வாசிக்க வராது. வந்த மூன்றாம் நாளே, "மாமா, இங்கே ஏதாவது டப்பா இருக்கிறதா?" என்று கேட்டான்.

"சமையலறையில் இருக்கிறது, போய் எடுத்துக்கொள்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, ஜியோகேச்சிங் என்ற விளையாட்டைப் பற்றி எனக்கு ஒரு பிரசங்கம் செய்தான். அதன் சாராம்சம் இதுதான்: ஒருவர் காட்டிலோ மேட்டிலோ ஒரு டப்பாவை ஒளித்து வைப்பார். அதற்குள் ஒரு நோட்டுப் புத்தகமும் சில சில்லறைச் சாமான்களும் இருக்கும். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் வெளியிடுவார். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அந்த எண்களைக் கருவியில் போட்டுக்கொண்டு தேடிப் போவார். கண்டுபிடித்தால் நோட்டில் கையெழுத்திட வேண்டும். உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்; ஆனால், அதற்குச் சமமானதாகவோ மேலானதாகவோ ஒன்றை வைத்துவிட வேண்டும். பிறகு டப்பாவை இருந்த இடத்திலேயே மறைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

"இதற்குப் பரிசு?" என்று கேட்டேன்.

"ஒன்றும் கிடையாது, மாமா."

பரிசு இல்லாத விளையாட்டு என்றதும் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று.

சரித்திர உபாத்தியாயன் அல்லவா? இதன் பூர்வோத்தரத்தை விசாரித்தேன். வானத்தில் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்காவின் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொன்றும், "இப்போது மணி இன்னது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி நம் கையிலுள்ள கருவிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாயிற்று என்று பார்த்தால் தூரம் தெரிந்துவிடும். நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் தெரிந்துவிடும். கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தரையில் 300 மீட்டர் தவறிவிடும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தினம் ஐந்து நிமிஷம் தாமதித்துப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வரும் என் சக உபாத்தியாயர் ஒருவரின் ஞாபகம் வந்தது.

2000-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி வரையில், அமெரிக்க ராணுவத்தார் பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். இதனால் இடம் 100 மீட்டர் வரையில் தவறும். அன்றிரவு ஜனாதிபதி கிளிண்டனின் உத்தரவுப்படி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மே 3-ந் தேதியே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாகாணத்தில், போர்ட்லண்ட் நகருக்கு அருகிலுள்ள காட்டில், ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து எண்களை இன்டர்நெட்டில் வெளியிட்டுவிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், கொஞ்சம் பணம், இவற்றோடு ஒரு டின் பீன்ஸ்! மூன்று நாளைக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். இப்போது பூமண்டலமெங்கும் இப்படி 30 லட்சத்துக்கு மேற்பட்ட டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றனவாம்.

இங்கிலாந்தில் இது இன்னும் பழைய பைத்தியம். 1854-இல் டார்ட்மூர் பிரதேசத்தில் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் போக முடியாத ஒரு சதுப்பு நிலத்தில் ஒரு ஜாடியை வைத்தார். அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் தங்கள் விலாசச் சீட்டை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். நம்மவர்களும் இந்த வான சாஸ்திரத்தில் சளைத்தவர்களல்ல. 2013 ஜூலை 1-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் கோளை அனுப்பி, நாவிக் என்ற பெயரில் சொந்தமாகவே ஒரு வழிகாட்டி முறையை அமைத்திருக்கிறார்கள்.

பூமியை எண்ணால் பிடிக்கிற வேலையோ நம் மண்ணில் இருநூறு வருஷத்துக்கு முன்பே ஆரம்பமாகிவிட்டது. 1802 ஏப்ரல் 10-ந் தேதி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி உருக்குச் சங்கிலியைத் தரையில் நீட்டி அளக்க ஆரம்பித்தார். அந்த அளவை குன்றுக்குக் குன்று, கோபுரத்துக்குக் கோபுரம் தாவிக் கடைசியில் இமயமலை வரையில் போயிற்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது அவருடைய பெரிய கருவி கயிறு அறுந்து மோதி நசுங்கியதும், அதை அவர் பல வாரம் உட்கார்ந்து தம் கையாலேயே செப்பனிட்டதும் நான் ரசித்துச் சொல்லும் கதை. ஒரு முறை அந்தக் கதையை நான் சொல்லி முடித்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், அவர் யாரைக் கேட்டுக் கோயில்மேல் ஏறினார்?" என்றாள். மணி அடித்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உண்மையில் மணி அடிக்கவில்லை.

போகட்டும். மருமகன் பேச்சில் நானும் மயங்கினேன். மாணவர்களுக்கு அட்சரேகை கற்பிக்க இதைவிட நல்ல வழி உண்டா? ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். அதில் அறுபதில் ஒரு பங்கு 1.85 கிலோமீட்டர், அதையும் ஆயிரமாகப் பகுத்தால் இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஒரு சிறுவன் தன் உடம்பைக் கொண்டே இதைப் புரிந்துகொள்ளலாம் அல்லவா? கொல்லிமலையில் ஒரு டப்பாவை வைப்பதென்று தீர்மானித்தோம்.

துறையூர்ப் பக்கமாகப் புளியஞ்சோலைக்குப் போய், வனத்துறையினரின் அனுமதி பெற்று, அய்யாற்றின் ஓரமாக மேலே ஏறினோம். ஆகாய கங்கையாக விழும் ஆறுதான் அது. நல்ல உயரத்துக்கு ஏறியபின், பழைய மரங்கள் அடர்ந்த ஓர் இடத்தில், பிரம்மாண்டமான நாவல் மரத்தின் வேர்ப் பொந்தில் டப்பாவைச் செருகிச் சருகால் மூடினோம். நோட்டின் முதல் பக்கத்தில் அவன் ஆங்கிலத்தில் விதிகளை எழுதினான். நான் கீழே தமிழில் எழுதினேன். "ஒன்றை எடுத்தால் ஒன்றை வை" என்று கொட்டை எழுத்தில் எழுதியது நன்றாக நினைவிருக்கிறது.

ஏறுவதற்கு அனுமதி கேட்ட நாங்கள், டப்பா வைப்பதற்கு யாரையும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையாவது கேட்டான்: "நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது, மாமா. இங்கே யாராவது இருக்கிறார்களா?"

"காட்டில் யார் இருக்கப் போகிறார்கள்?" என்றேன் நான்.

விதியை மீறி உலகப் பதிவில் சேர்ப்பதற்கு அவன் உடன்படவில்லை. ஆகவே, டப்பாவின் எண்கள் எங்கள் இருவருக்குள்ளேயே நின்றன. அவன் கனடாவுக்குப் போனான். மாணவர்களை அழைத்துப் போகும் யோசனை, பள்ளிக்கூட யோசனைகள் எல்லாம் போகிற வழியே போயிற்று.

சென்ற வருஷம் என் தாயார் வீட்டைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தாள். காலஞ்சென்ற என் தகப்பனாரின் தக்ளியைக் காணவில்லை. பித்தளைத் தட்டு வைத்த சின்னத் தக்ளி. 1937-இல் வார்தாவில் மகாத்மா வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கும் வந்திருந்த காலத்தில், சிறு பையனாக இருந்த என் தகப்பனார் அதில்தான் நூற்கக் கற்றாராம். பிற்காலத்தில் அவர் நூற்று நான் பார்த்ததில்லை. ஆனால், யோசனையாக இருக்கும்போதெல்லாம் அதை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டிருப்பார். அவர் போன பிறகு தாயார் அதை சுவாமி அலமாரியில் வைத்திருந்தாள்.

வேலைக்காரி, எலி, நான் என்று வரிசையாக எல்லோர்மேலும் சந்தேகம் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன் டெலிபோனில் பேசும்போது பேச்சுவாக்கில் சொன்னான்: "தாத்தாவின் சுழலும் சாமானா? அதைத்தான் டப்பாவுக்குள் வைத்தேனே, மாமா! முதல் டப்பாவில் விசேஷமான பொருள் இருக்கவேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

சொன்னேன்தான். ஸ்டாம்பு, பழைய காசு என்று நினைத்துச் சொன்னேன். தாயாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. "எங்கே, மலைமேலேயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை மறுபடியும் புறப்பட்டேன். துணைக்கு என் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வந்தான். கொல்லிமலைப் பையன், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். மலையாளி வகுப்பைச் சேர்ந்தவன். மலையாளி என்றதும் கேரள தேசத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் என்பது அவர்களுடைய ஐதிகம். ஒரு டப்பாவைத் தேடப் போகிறேன் என்றும், அதன் எண்கள் இவை என்றும் அவனிடம் சொல்லியிருந்தேன். எண்களைப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்றான்.

நாற்பத்தைந்து வயதில் அந்த ஏற்றம் ஒரு பாடம். அடிவாரத்தில் ஆறு குழந்தை மாதிரி பாறைகளுக்கிடையே விளையாடிக்கொண்டிருக்கிறது. பாதையும் சிநேகமாகவே ஆரம்பிக்கிறது. கொஞ்ச தூரம் போனதும் அது தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. கால் வைக்கிற இடமெல்லாம் வேர். வேர் இல்லாத இடமெல்லாம் உருண்டைக் கல். மூங்கில் புதர்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, பழைய வீட்டுக் கதவு மாதிரி முனகுகின்றன. ஆற்றோரத்தில் வெள்ளைத் தோலுடன் நீர்மருது மரங்கள். அவற்றுக்கு மேலே கடுக்காய், நாவல், பெயர் தெரியாத எத்தனையோ. பெயர் தெரியாதது எனக்குத்தான். பையனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்தப் பட்டை வயிற்று வலிக்கு, இந்த இலை மாடு தின்னாது, இந்த மரத்தில் தேன் உண்டு, இந்தப் பள்ளத்துக்குக் கரடி வரும் என்று, தெருவில் வீட்டுக்காரர்களின் பெயர் சொல்லுவதுபோல் சொல்லிக்கொண்டே போனான். வகுப்பில் கேள்வி கேட்டால் தலை குனிந்து நிற்கிற பையன்!

இருபது அடிக்கு ஒரு தரம் நான் நின்றேன். நிற்பதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு கௌரவமான காரணம் கண்டுபிடித்தேன். "பார் தம்பி, இந்த மலையைத்தான் வல்வில் ஓரி ஆண்டான். அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு எல்லாவற்றையும் துளைத்ததாக வன்பரணர் பாடியிருக்கிறார்" என்றேன் மூச்சு வாங்கிக்கொண்டு.

"உடும்பு எங்கே இருந்ததுங்க சார்?"

"புற்றுக்குள்ளே."

"அப்போ அம்பை எடுக்கத்தான் கஷ்டப்பட்டிருப்பாரு" என்றான் பையன். எம்.ஏ. வகுப்பில் எங்கள் பேராசிரியருக்குக்கூட இது தோன்றவில்லை.

ஓரியைத் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்த கதையையும் சொல்லியிருப்பேன். ஆனால், அதற்குள் செல்போன், இலக்கு 40 மீட்டரில் இருப்பதாக அறிவித்தது.

அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பமாயிற்று. திறந்த வெளியில் செல்போன் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும். ஆனால், அது செங்குத்தான பாறைக்குக் கீழே, அடர்ந்த மரங்களுக்கிடையே உள்ள இடம். வானத்திலிருந்து வரும் சமிக்ஞை பாறையில் பட்டு எதிரொலி போலத் திரும்பி வரும். சுற்றுவழியில் வந்ததைக் கருவி நேர்வழியில் வந்ததாக எண்ணிக் கணக்குப் போட்டுவிடும். முள் 3 மீட்டர் என்றது; நான் இரண்டடி வைத்ததும் 19 மீட்டர், அதுவும் எதிர்த்திசையில் என்றது. சிரித்து மயக்கி ஆளைக் கொல்லுமாம் கொல்லிப்பாவை. என் கையிலும் ஒன்று இருந்து சிரித்துக்கொண்டிருந்தது.

நல்ல வேளையாக நாவல் மரத்தை அடையாளம் கண்டுகொண்டேன். ஓடிப்போய் வேர்ப் பொந்தில் கையை விட்டேன். சருகு இல்லை. டப்பாவும் இல்லை. யாரோ பெருக்கி வைத்ததுபோல் பொந்து சுத்தமாக இருந்தது. பக்கத்துப் பொந்து, அடுத்த மரம், பாறை இடுக்கு என்று தடவினேன். குரங்கு எடுத்திருக்குமோ? வெள்ளம் அடித்துப் போயிருக்குமோ? தாயாரின் முகம் கண்முன் நின்றது. உச்சி வேளையில், முழங்காலில் மண்ணோடு, பித்தளைத் தக்ளி ஒன்றுக்காக அந்த வயதில் எனக்கு அழுகை வரும்போல் இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். பையன் இருபது முப்பது அடிக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தான். மலை முழுவதும் எனக்கு முன்னால் ஓடினவன், அங்கே நின்றுவிட்டான். அவனுடைய செருப்புகள் அவன் கையில் இருந்தன.

"ஏன் அங்கேயே நிற்கிறாய்?"

"சார்... இது எங்க கோயில்காடுங்க."

அப்போதுதான் பார்த்தேன். மரத்தின் அந்தப் பக்கத்தில் வரிசையாக ஏழெட்டுக் கல். துருப்பிடித்த ஒரு சூலம். மண் அகல். போன தடவை இவை இல்லாமலா இருந்திருக்கும்? கல்லைக் கல்லாகத்தான் பார்த்திருப்பேன். கொல்லிமலையில் இப்படிப்பட்ட கோயில்காடுகள் அநேகம் உண்டு. உள்ளே கோடாலி படாது, செருப்புக் கால் படாது. மரங்கள் இவ்வளவு பழமையாக நிற்பதற்கே அதுதான் காரணம். இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்! அரை மணி நேரமாக அந்த மண்ணைப் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டிருந்தேன்.

"முன்னாலேயே சொல்லக் கூடாதா, அப்பா?" என்று கேட்டேன், குற்றத்தில் கொஞ்சத்தை அவன்மேல் தள்ளப் பார்த்து.

"நீங்க எண்ணைத்தானே சார் சொன்னீங்க? இடத்தைச் சொல்லலையே!" என்றான்.

பூட்ஸைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். மேலே ஊர்க்கவுண்டரின் வீட்டுக்கு அவன் என்னை அழைத்துக்கொண்டு போனான். வெறுங்காலோடு அந்தக் கடைசி ஏற்றத்தை ஏறினேன். யாரும் சொல்லவில்லை, மறுபடி பூட்ஸை மாட்டிக்கொள்ள எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

ஊர்க்கவுண்டர் எழுபது வயதுக்கு மேற்பட்டவர். திண்ணையில் மிளகு உலர்ந்துகொண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பலாச்சுளை கொடுத்து, நான் தின்று முடிக்கும் வரையில் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே போய் என் டப்பாவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"இது உங்களுதுங்களா?"

"என்னுடையதுதான்."

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

கோபமே இல்லாத குரல். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நான் சொல்லாமல் விட்ட விடைக்கும் சேர்த்து அவர் கேட்பதுபோல் இருந்தது. இங்கேயோ அடிப்பதற்கு மணியும் இல்லை.

"ஒருவரையும் கேட்கவில்லை. காட்டில் யாரும் இல்லை என்று நினைத்தேன். தப்பு என்னுடையதுதான்" என்றேன்.

நடந்ததை அவர் சொன்னார். ஆடி நோன்புக்காகக் காட்டைச் சுத்தம் செய்தபோது டப்பா அகப்பட்டிருக்கிறது. வெடிகுண்டு என்றார்களாம் சிலர். செய்வினை என்று பெண்கள் பயந்திருக்கிறார்கள். அருவியில் எறிந்துவிடலாம் என்று ஒருவர், போலீஸில் கொடுக்கலாம் என்று ஒருவர். யார் வைத்தார்கள், எதற்கு வைத்தார்கள் என்று தெரியாமல் ஊர் முழுவதும் இரண்டு நாள் தூங்கவில்லையாம். பிறகு மஞ்சள் நீர் தெளித்து, வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு, பொங்கலிட்டுச் சேவல் அறுத்துச் சாந்தி செய்திருக்கிறார்கள். "எறிய வேணாம்னு நான்தான் சொன்னேன். தொலைச்சவன் தேடி வருவான்னு வெச்சிருந்தேன்" என்றார்.

ஒரு பள்ளிக்கூடப் பிரயோகம் என்று நான் நினைத்த காரியம் ஓர் ஊருக்கு இவ்வளவு செய்திருக்கிறது! செலவைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார்.

"பணம் வேணாம். அடுத்த ஆடிப் பொங்கலுக்கு அரிசி உங்களுது. நீங்களே கொண்டாந்து குடுத்திடுங்க."

டப்பாவைத் திறந்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஆச்சரியமடைந்தேன். பத்துப் பன்னிரண்டு பக்கம் நிறைந்திருந்தது! பயம் தெளிந்தபிறகு ஊர்க் குழந்தைகள் விதிகளை வாசித்து, ஒருவர் விடாமல் கையெழுத்திட்டிருக்கிறார்கள். சிலர் தேதி போட்டிருந்தார்கள். ஒருவன் தன் நாயின் பெயரையும் எழுதியிருந்தான். என் மாணவன் தன் தங்கையின் பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்துக் காட்டினான். இவர்களெல்லாம் எண் இல்லாமலே தேடிக் கண்டவர்கள்.

ஸ்டாம்புகள் இருந்தன. காசுகள் இருந்தன. தக்ளி இல்லை. அது இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தால், சாமை!

"அது என் தங்கச்சி வெச்சதுங்க சார்" என்றான் பையன், முகம் சிவந்து.

ஒன்பது வயதுப் பெண். கூப்பிட்டனுப்பியதும் வந்து கதவோரமாக நின்றாள். தக்ளியைக் கயிறு சுற்றிப் பம்பரமாக விட்டுக்கொண்டிருந்தாளாம். ஒன்றை எடுத்தால் ஒன்றை வைக்கவேண்டும் என்று எழுதியிருந்ததால், தங்கள் காட்டில் விளைந்ததை வைத்தாளாம். "சமமா வைக்கணும்னு போட்டிருந்துச்சு. ரெண்டு பிடி வெச்சேன்" என்றாள்.

என்ன சொல்லுவது? விதி என் கையெழுத்தில் இருக்கிறது. சாமை பயிரிட்டு, களை எடுத்து, அறுத்து, இடித்தவர்களுக்கு அல்லவா ரெண்டு பிடி எவ்வளவு என்று தெரியும்? இருந்தாலும் என் மனம் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்த என் பௌண்டன் பேனாவை எடுத்து நீட்டி, "இதை வைத்துக்கொண்டு அதைத் தருகிறாயா, அம்மா? அது எங்கள் அப்பா வைத்திருந்தது" என்றேன். பதினெட்டு வருஷமாக என்னிடம் இருந்த பேனா, விலையும் அதிகந்தான்.

அவள் அதை வாங்கி, மூடியைத் திறந்து, மூடி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இது சுத்துமா?"

ஊர்க்கவுண்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால், அந்தப் பெண் தக்ளியை எடுத்து வந்து பேனாவோடு சேர்த்து என் முன்னால் வைத்துவிட்டாள். அப்பா வைத்திருந்தது என்று நான் சொன்னது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. பித்தளைத் தட்டு புதிதுபோல் பளபளத்தது. எங்கள் சுவாமி அலமாரியில் அது அப்படி ஒரு நாளும் மின்னியதில்லை.

எவ்வளவு நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். சாமை முடிச்சை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். பெருந்தன்மையால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால், கணக்குப்படி அது அவளுடையது.

டப்பாவை என்ன செய்வதென்று கேட்டபோது, "ஒளிச்சு வெக்கணும்னா எங்க பசங்ககிட்டச் சொல்லுங்க. எங்கே வெக்கலாம், எங்கே வெக்கக் கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார் ஊர்க்கவுண்டர். குழந்தைகள் அப்போதே அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரை மணி கழித்து வந்து வழி சொன்னார்கள்: இடி விழுந்த பலாவுக்குப் போய், கரடி தண்ணி குடிக்கிற பள்ளத்தை இடது கைப்புறமாக விட்டு, கிழவி உட்காருகிற பாறைக்குப் பின்னால். எந்தப் படத்திலும் இல்லாத இடங்கள். அடுத்த ஆடிக்கு அரிசி மூட்டையோடு போகும்போது தேடிப் பார்க்க வேண்டும். பழைய எண்களைச் செல்போனிலிருந்து அழித்துவிட்டேன். ஆகவே, வாசகர்கள் யாரும் அவற்றைக் கேட்டு எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போய்ச் சுவாமி தரிசனம் செய்துகொண்டு, அங்கிருந்து பஸ்ஸில் 70 வளைவும் இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது இரவு ஒன்பது மணி. தாயார் விழித்துக்கொண்டிருந்தாள். சாமை முடிச்சை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு பிடி சாமையை உள்ளங்கையில் கொட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"நூற்கிறாளா, அந்தப் பெண்?"

"இல்லை, அம்மா. பம்பரம் விடுகிறாள்."

தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"ஆடிக்குப் போகும்போது கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு போ" என்றாள்.